இரண்டாவது வாசல்

ஒவ்வொரு ஆண்டும் ப்ளஸ் டூ முடிவுகள் வந்த மறுநாளே என் கைப்பேசி அடிக்கத் தொடங்கிவிடும். இன்ஜினியரிங் படித்து ஐ.டி.யில் இருப்பவனுக்கு எல்லாக் கல்லூரிகளும் அத்துப்படி என்று ஊரில் ஒரு நம்பிக்கை. இந்த வருடம் முதலில் அழைத்தவர் சித்தப்பா.

"தம்பி, பாப்பாவுக்குக் கட்-ஆஃப் 178 வருதுப்பா. சி.எஸ்.சி. எங்க கிடைக்கும்? காலேஜப் பாக்குறதா, கோர்ஸப் பாக்குறதா?"

சென்ற ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலை வைத்து இதற்கு ஒரு மாதிரி பதில் சொல்லிவிடலாம். சொன்னேன். அடுத்து ப்ளேஸ்மென்ட் கேட்டார். ஹாஸ்டல், காலேஜ் பஸ், ஃபீஸ் என்று வரிசையாகக் கேட்டார். அரை மணி நேரம் பேசியும் அவர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இத்தனை வருடங்களில் யாருமே அதைக் கேட்டதில்லை. "சேர்ந்த முதல் வருஷம் அங்கே பிள்ளைக்கு என்ன நடக்கும்?"

கல்லூரிக்குள் யார் நுழையலாம் என்ற சண்டையின் வரலாறு நம்மிடம் விரிவாகவே இருக்கிறது. அரசாணைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், அரசியல் சட்டத் திருத்தம் என்று அது பதிவாகியிருக்கிறது. அதில் நமக்குப் பெருமைப்பட நிறைய உண்டு. ஆனால் நுழைந்தவர்களில் யார் தங்கினார்கள், யார் முதல் வருடத்திலேயே வெளியேறினார்கள் என்பதற்கு அப்படி ஒரு தொடர்ச்சியான கதை இல்லை. கல்லூரிக்கு இரண்டு வாசல்கள். முதல் வாசலில் அட்மிஷன் நடக்கிறது. இரண்டாவது வாசல் முதலாண்டின் முடிவில் இருக்கிறது. அங்கே காவலாளி இல்லை, பலகையும் இல்லை.

இந்த இரண்டாவது வாசலில் தடுக்கி விழுந்தவர்களில் நாம் எல்லோரும் அறிந்த ஒருவரிடமிருந்து தொடங்கலாம்.

கும்பகோணம், 1904

கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கு 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று பெயர். 1854-ல் தொடங்கியது. காவிரிக்கரை. உ.வே. சாமிநாதையர் 1880-லிருந்து 1903 வரை தமிழ் கற்பித்த இடம். அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போன மறு ஆண்டு, ஊரின் டவுன் ஹைஸ்கூலிலிருந்து கணிதப் பரிசோடு ஒரு பையன் எஃப்.ஏ. வகுப்பில் வந்து சேர்ந்தான். சீனிவாச ராமானுஜன்.

எந்த அளவுகோலில் பார்த்தாலும் அது சரியான தேர்வு. வீட்டிலிருந்து போய்வரும் தூரம். நல்ல பெயர். உதவித்தொகையும் கிடைத்தது. அந்த உதவித்தொகை முக்கியம், ஏனென்றால் ஒரு பருவத்துக்குக் கல்லூரிக் கட்டணம் 32 ரூபாய். ஜவுளிக்கடைக் கணக்கரான அப்பாவின் மாதச் சம்பளம் 20 ரூபாய் அளவில்தான்.

எஃப்.ஏ. என்பது கணிதம் மட்டுமல்ல. ஆங்கிலம், சம்ஸ்கிருதம், கிரேக்க ரோமானிய வரலாறு, உடலியல் எல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் தேற வேண்டும். ராமானுஜன் கார் எழுதிய கணிதத் தொகுப்பில் மூழ்கிக் கிடந்தார். வகுப்பில் ரோமாபுரி ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் நோட்டில் தொடர்வரிசைகள் ஓடின. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார். உதவித்தொகை போயிற்று. அம்மா கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரைப் பார்த்து வாதாடினார். பலிக்கவில்லை. விதி என்றால் விதிதான்.

1905 ஆகஸ்டில் பதினேழு வயது ராமானுஜன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினார். காணவில்லை என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. திரும்பி வந்த பிறகு 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடம்புக்கு முடியாமல் போயிற்று. அந்த ஆண்டு எஃப்.ஏ. எழுதித் தோற்றார். 1907-ல் தனித்தேர்வராக எழுதி மறுபடியும் தோற்றார். அத்தோடு இந்தியாவில் அவருடைய கல்லூரிப் படிப்பு முடிந்தது.

நாம் இந்தக் கதையை 'மேதையைப் புரிந்துகொள்ளாத உலகம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. ராமானுஜன் மேதை என்பதால்தான் இந்த வருடங்கள் நமக்குத் தெரிகின்றன. அதே வகுப்பில், அதே ஆங்கிலத் தாளில் தோற்று, உதவித்தொகை இழந்து, ஊரைவிட்டு ஓடியவர்களில் மேதையாக இல்லாதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுத யாரும் வரவில்லை. 'எஃப்.ஏ. ஃபெயில்' என்பதையே ஒரு தகுதிபோலச் சொல்லிக்கொண்டு குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்ட தலைமுறை அது.

சலிக்கும் ஜல்லடை

இதைத் தனிமனிதர்களின் கொடுமை என்று சொல்ல முடியாது. அமைப்பே அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. 1857-ல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதன்மையான வேலை பாடம் நடத்துவதல்ல, தேர்வு நடத்துவது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பு. மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சல்லடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெருங்கூட்டம் தங்கிவிடும். சல்லடையின் கண் ஆங்கிலம்.

எஃப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தது. இன்டர்மீடியட் போய் 1950களில் பி.யு.சி. வந்தது. பெயர்கள் மாறினாலும், பள்ளியை விட்டுக் கல்லூரிக்குள் வைக்கிற முதல் அடியில் ஒரு சல்லடை இருந்துகொண்டே இருந்தது. பி.யு.சி.யில் அது இன்னும் நெருக்கமாயிற்று. அதற்குள் உயர்நிலைப் பள்ளிகள் தமிழ்வழிக்கு வந்துவிட்டன. கிராமங்களில் பள்ளிகள் பெருகின. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். பள்ளியில் 'முக்கோணம்' என்றும் 'அமிலம்' என்றும் படித்தவர்கள் ஜூன் மாதத்தின் ஒரு காலையில் எல்லாமே ஆங்கிலத்தில் நடக்கும் ஒரு கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு வருடம். அதற்குள் மொழியையும் பிடிக்க வேண்டும், பாடத்தையும் பிடிக்க வேண்டும். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் மருத்துவம், பொறியியல் எல்லாம்.

என் அப்பாவின் வயதுள்ளவர்களிடம் பி.யு.சி. பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பாடம் பிடித்தது என்று சொல்ல மாட்டார்கள். முதல் நாள் ஆசிரியர் வருகைப்பதிவு எடுத்தபோது என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றதைச் சொல்வார்கள். 1978-ல் பி.யு.சி.யை எடுத்துவிட்டுப் பள்ளியிலேயே ப்ளஸ் டூ கொண்டுவந்ததை நிர்வாகச் சீர்திருத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். யோசித்தால், அது அந்தத் தலைமுறையின் இரண்டாவது வாசலைக் கொஞ்சம் தள்ளிவைத்த காரியமும்கூட. பிள்ளைகள் இன்னும் இரண்டு வருடம் தங்களுக்குத் தெரிந்த கட்டடத்தில், தெரிந்த ஆசிரியர்களிடம் இருந்தார்கள்.

கிண்டியில் தனியாக ஒரு பெண்

கல்லூரிகள் எப்போதுமே சல்லடையாக மட்டும் இருந்தன என்று சொன்னால் அது நியாயமாகாது. எதிர்க்கதை ஒன்று கிண்டியிலிருந்து.

கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் அங்கே படித்தவர்கள் அனைவரும் ஆண்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லலிதா அங்கே மின்பொறியியல் படிக்க வந்தார். பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டு வயதில் கைம்பெண், கையில் நான்கு மாதக் குழந்தை. அதற்குப் பிறகு குயின் மேரிஸ் கல்லூரியில் இன்டர்மீடியட்டை முதல் வகுப்பில் முடித்திருந்தார்.

அவர் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். அன்று படித்த பெண்களுக்கு மருத்துவம் ஒரு வழியாக இருந்தது. நள்ளிரவில் நோயாளியைப் பார்க்க ஓட வேண்டிய வேலை குழந்தையோடு ஒத்துவராது என்று லலிதா அதை விட்டார். அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக் கல்வி இயக்குநர் ஸ்டாத்தமின் ஒப்புதலும் கிடைத்தது. முதல் வாசல் திறந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விடுதியில் அவர் ஒருவர்தான் பெண். நூற்றுக்கணக்கான ஆண்கள் படிக்கும் வளாகத்தில் மாலையானால் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. 'சேர்த்துக்கொண்டோம், இனி அவள் பாடு' என்று கல்லூரி இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் கொடுத்தார்கள். கேரளத்திலிருந்து லீலாம்மா ஜார்ஜும் பி.கே. த்ரேசியாவும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். லலிதாவுக்குத் துணை கிடைத்தது. அந்தத் துணைகளுக்குப் பட்டமும் கிடைத்தது.

போரின் காரணமாகப் படிப்புக்காலம் சுருக்கப்பட்டதால் மூவரும் ஏறக்குறைய ஒன்றாகவே வெளியே வந்தார்கள். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுத வேண்டியிருந்தது. லலிதா பிற்பாடு பக்ரா நங்கல் அணையின் மின்தொடர்ப் பணிகளில் பங்கெடுத்தார். த்ரேசியா கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். மூன்று பேருக்கு இடம் இருந்தது என்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. முதல் வருடத்தில் ஒருவரின் தனிமையை ஒரு நிறுவனம் தன் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது.

முதல் வாசலின் போர்கள்

சுதந்திரத்துக்குப் பிறகு சண்டை முழுக்க முதல் வாசலில் நடந்தது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்துச் செண்பகம் துரைராஜனும் சி.ஆர். சீனிவாசனும் வழக்குத் தொடுத்தார்கள். செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை, விசாரித்ததோடு சரி என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணையைச் செல்லாது என்றது. தமிழகம் கொந்தளித்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) பிறந்தது. பின்தங்கியவர்களுக்குக் கல்லூரியில் இடம் ஒதுக்கும் உரிமை சட்டமானது.

அடுத்த பெரிய ஆண்டு 1984. எம்.ஜி.ஆர். அரசு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளை அனுமதித்தது. நுழைவுத் தேர்வும் அப்போது வந்தது. விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்த கல்லூரிகள் பின்னாளில் ஐந்நூறைத் தாண்டின. தொண்ணூறுகளில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. அதுவரை ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக அலைந்த குடும்பங்கள் ஒரே கூடத்தில், தரவரிசைப்படி, யாருடைய சிபாரிசும் இல்லாமல் இடத்தைத் தேர்ந்தெடுத்தன. நகரத்தில் கோச்சிங் போக முடிந்தவர்களுக்கே நுழைவுத் தேர்வு சாதகம் என்ற வாதம் வலுத்தது. 2005-லும் 2006-லும் அதை நீக்கச் செய்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த சட்டம் நின்றது. 2007-ல் நுழைவுத் தேர்வு இல்லாத முதல் சேர்க்கை நடந்தது.

அந்த முதல் தொகுதியில் நானும் ஒருவன். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப். நுழைவுத் தேர்வு இருந்திருந்தால் எனக்கு இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். அப்பாவும் நானும் இரவு பஸ் பிடித்துச் சென்னை வந்தோம். வெளியே மரத்தடியில் கல்லூரிக்காரர்கள் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெரிய திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. கணினி முன்னால் உட்கார்ந்த சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. ஒதுக்கீட்டுக் கடிதத்தை அப்பா மடிக்காமல், பஸ்ஸில் ஊர் வரும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

முதல் வாசல் எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு நூற்றாண்டு போராடித் திறக்கப்பட்டது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

சோப்பில் செய்த அறுகோணம்

விடுதி அறையில் நாங்கள் மூன்று பேர். மூவரும் தமிழ்வழி. மூன்று பேரில் கெட்டிக்காரன் குமார் (பெயரை மாற்றியிருக்கிறேன்). அவன் பள்ளியில் முதலிடம். எங்களைவிடக் கட்-ஆஃப் அதிகம். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தார்.

முதல் செமஸ்டரில் எம்-1 என்கிற கணிதம், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர், டெக்னிக்கல் இங்கிலீஷ். கணிதத்தில் ப்ளஸ் டூவில் 200-க்கு 195 எடுத்த குமாருக்கு எம்-1 வகுப்பில் பேசுவது புரியவில்லை. கணக்கு புரிந்தது, பேச்சு புரியவில்லை. 'ஐகன் வால்யூ' என்றால் என்ன என்று எழுந்து கேட்க அவனுக்கு ஆங்கிலத்தில் வாக்கியம் வரவில்லை. தமிழில் கேட்டால் சிரிப்பார்கள் என்று நினைத்தான். சிரித்தார்கள்தான். பாடம் எடுத்தவர் அதே கல்லூரியில் அந்த வருடம் படிப்பு முடித்துவிட்டு ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தவர். அவரும் பாவம், கரும்பலகையைப் பார்த்தபடியே பேசுவார்.

இன்டர்னல் தேர்வில் குமார் மூன்று பாடங்களில் தோற்றான். துறையிலிருந்து வீட்டுக்கு அச்சடித்த கடிதம் போயிற்று, ஆங்கிலத்தில். அவன் அப்பா அதை ஊரில் யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். பொங்கல் விடுமுறைக்குப் போன குமார் திரும்பி வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவன் அப்பா ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டு வந்தார். மீதிக் கட்டணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வெள்ளை வேட்டியில், பையோடு, ஆபீஸ் வராந்தாவில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கமாகப் போனேன். என்ன பேசுவதென்று தெரியாமல் பார்க்காததுபோல் கடந்து போய்விட்டேன். இன்றுவரை அதை மாற்ற முடியவில்லை.

நான் ஏன் தங்கினேன்? குமாரைவிடக் கெட்டிக்காரன் என்பதால் நிச்சயமாக இல்லை. பக்கத்து அறையில் மெக்கானிக்கல் சீனியர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கிராஃபிக்ஸில் சாய்த்து வைத்த அறுகோணப் பட்டகத்தை வரையச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது கண்ணுக்குள் வரவே இல்லை. அண்ணன் துணி துவைக்கிற சோப்பை எடுத்துப் பிளேடால் சீவி ஓர் அறுகோணம் செய்தார். மேசையில் சாய்த்து வைத்து, "மேல இருந்து பாரு. இப்ப சைடுல இருந்து பாரு. பாத்தத வரை. அவ்ளோதான்டா" என்றார். பத்து நிமிடம்தான். எம்-1-ல் எனக்கும் கப் விழுந்தது. அரியரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "கப்பு இல்லாத இன்ஜினியரா? அடுத்த செம்ல தூக்கிடலாம், விடு" என்று அவர் சிரித்தார். தோற்றால் அடுத்த முறை எழுதலாம் என்ற செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். குமாருக்கு அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அரசு எட்டிப் பார்த்தபோது

முதலாண்டு என்று ஒன்று இருப்பதை நம் சட்டம் உணர்ந்தது ஒரு சாவுக்குப் பிறகுதான். 1996 நவம்பரில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன். நாவரசு ராகிங்கில் ஒரு மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் 1997-ல் தமிழகத்தில் வந்தது. கல்லூரியின் முதல் மாதங்கள் தனியான ஆபத்துள்ள காலம் என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது அது.

அதன் பிறகு வந்தவையும் உண்டு. 2010-ல் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை. அதே ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழியில் சிவில், மெக்கானிக்கல். 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு, கட்டணமும் விடுதிச் செலவும் அரசுடையது. இவை ஒவ்வொன்றும் பெரிய காரியம். ஆனால் இவை பெரும்பாலும் பணத்தையும் இடத்தையும் தருபவை. வராந்தாவில் உட்கார்ந்திருப்பவரிடம் போய், "என்னங்கய்யா, பையன் ஏன் வரல?" என்று கேட்பதற்குச் சட்டம் போட முடியாது.

சித்தப்பாவுக்குச் சொன்னது

இரண்டு நாள் கழித்துச் சித்தப்பாவை மறுபடி அழைத்தேன். கல்லூரியை நேரில் போய்ப் பார்க்கச் சொன்னேன். "கட்டடத்தப் பாக்காதீங்க சித்தப்பா. இதக் கேளுங்க" என்று சிலவற்றைச் சொன்னேன்.

அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. விளம்பரத்தில் வரும் ப்ளேஸ்மென்ட் எண்ணை நம்புவதற்கு முன்னால் அதை வாங்கிப் பார்க்க வேண்டும். ப்ளேஸ்மென்ட் என்பது தங்கியவர்களின் கணக்கு. முதல் இரண்டு செமஸ்டரில் எத்தனை பேர் எல்லாப் பாடத்திலும் தேறினார்கள் என்பதைக் கல்லூரியிலேயே கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

முதலாண்டுக் கணக்கையும் புரோகிராமிங்கையும் நடத்துபவர் யார்? அனுபவமுள்ள பேராசிரியர்களை இறுதியாண்டுக்கு வைத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களை முதலாண்டுக்கு அனுப்பும் கல்லூரிகள் உண்டு. தோற்றவர்களுக்கு மாலை வகுப்பு இருக்கிறதா, அபராதம் இருக்கிறதா? தமிழில் சந்தேகம் கேட்கலாமா? நூலகம் இரவு எத்தனை மணி வரை? ஒரு பிள்ளை நான்கு நாள் வராவிட்டால் யார் வீட்டுக்குப் போன் செய்வார்கள், என்ன மொழியில் பேசுவார்கள்? இவற்றை அலுவலகத்தில் கேட்பதைவிட, கேன்டீனில் உட்கார்ந்திருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டால் உண்மை வரும்.

பிறகு பாப்பாவிடம் பேசினேன். அவளுக்கு உபதேசம் பிடிக்காது. அதனால் மூன்றே விஷயங்கள். ஒன்று, முதல் மாதத்திலேயே உன்னைவிட நன்றாகப் படிக்கும் ஒருத்தியையும், உன்னைவிடத் திணறும் ஒருத்தியையும் கண்டுபிடித்துப் பக்கத்தில் உட்கார். முதலாமவளிடம் கேள், இரண்டாமவளுக்குச் சொல்லிக்கொடு. சொல்லிக்கொடுத்தால்தான் உனக்குத் தங்கும். இரண்டு, கணக்கையும் சி புரோகிராமிங்கையும் ஸ்டடி ஹாலிடேஸுக்கு என்று ஒத்திப்போடாதே. இரண்டும் தினமும் கொஞ்சம் கைவலிக்கச் செய்ய வேண்டியவை. மூன்று, தோற்றால் அன்றைக்கே வீட்டில் சொல். கடிதம் வந்து தெரிய வேண்டாம்.

"அவ்ளோதானாண்ணா?" என்றாள்.

"அவ்ளோதான். மத்ததெல்லாம் நீயே பாத்துக்குவ."

ஒரு போர்வை

ராமானுஜனிடம் திரும்ப வேண்டும். எஃப்.ஏ.யில் தோற்றபிறகு ஐந்து வருடங்கள் அவர் நோட்டுகளோடு அலைந்தார். வி. ராமஸ்வாமி ஐயர், ராமச்சந்திர ராவ் என்று ஒவ்வொருவராகக் கைகொடுத்தார்கள். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாதவருக்குத் தர விதி இடங்கொடுக்குமா என்ற தயக்கத்தைத் தாண்டி, மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது. எஃப்.ஏ.யில் அவரைத் தோற்கடித்த அதே பல்கலைக்கழகம்தான். 1914-ல் அசல் கேம்பிரிட்ஜ்.

அங்கும் அவருக்கு ஒரு முதல் வருடம் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் அவருடைய அறைக்குப் போனார். இரவில் குளிர் தாங்காமல் கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வை போர்த்திப் படுப்பதாக ராமானுஜன் சொன்னார். மகாலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன. ஆங்கிலேய வழக்கப்படி படுக்கையின் ஓரங்களில் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தது. அவற்றை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியாது. அவர் அவ்வளவுக்கும் மேலே படுத்திருந்தார்.

மகாலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டினார்.

கும்பகோணத்தில் விதி விதியாகவே இருந்தது. கேம்பிரிட்ஜில் ஹார்டி அவருக்காக விதிகளை வளைக்கப் பாடுபட்டார், 1916-ல் ஆய்வின் வழியாகவே பட்டமும் கிடைத்தது. ஆனால் அங்கும், இருக்கிற கம்பளிக்குள் நுழைவது எப்படி என்று சொல்ல ஒரு சகமாணவர் அறைக்கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

பாப்பாவின் கலந்தாய்வு முடிந்துவிட்டது. சித்தப்பா முதலில் சொன்ன பெரிய பெயர்க் கல்லூரியை அவள் எடுக்கவில்லை. கேன்டீனில் பேசிய ஓர் அக்கா, "சேர்ந்தா என் ரூமுக்கு வா" என்று நம்பர் கொடுத்தாளாம். அந்தக் கல்லூரியை எடுத்திருக்கிறாள்.